சும்மா இருக்கும் கை

ஈயம் உருகுகிறதா என்று பார்க்கத்தான் சூட்டுக்கோலின் நுனியை வைத்துப் பார்க்கிறேன், வேறு எதற்கும் இல்லை, என்று அமலோற்பவம் மனதுக்குள் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் ரிமோட்டைப் பிளந்து போட்டிருந்தாள். மேல் ஓடு ஒரு பக்கம், கீழ் ஓடு ஒரு பக்கம், ரப்பர் பொத்தான் விரிப்பு நாக்கு மாதிரிச் சுருண்டு நடுவில், அதற்கு அந்தப் பக்கம் பச்சைத் தகடு. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். பூசைக்குப் போய்விட்டு வந்து கறிக்குழம்பும் ரசமும் சாப்பிட்டுவிட்டு இன்னாசி ஹால் சோபாவில் மல்லாந்துவிட்டார். அவருடைய குறட்டை படிப்படியாக ஏறும், ஓர் இடத்தில் நின்றுவிடும், இனி வராதோ என்று கேட்கிறவர்களைப் பதறவைத்துவிட்டு மறுபடி இறங்கும். கல்யாணமான புதிதில் அந்த நிற்கிற இடத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும், பழகாது என்று எதுவுமே, என்று போன நினைப்பை அவள் முடிக்க விடவில்லை. சூட்டுக்கோலின் நுனியில் வைத்த ஈயக்கம்பி சட்டென்று கண்ணீர்த் துளிபோல உருண்டு பளபளத்தது. சூடு ஏறிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசி யாரோ கேட்ச்சைக் கோட்டை விட்ட ஆத்திரத்தில் கையை உதறியபோது ரிமோட் பறந்துபோய் மொசைக் தரையில் மூக்குக் குத்தி விழுந்தது. அதோடு சரி. செல்லை மாற்றிப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், ஞானஸ்நானத்தில் யாருக்கும் வைக்கமுடியாத பெயரெல்லாம் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, “விட்டுத் தள்ளு அமலு, நாளை கழிச்சு வேலை முடிஞ்சு வர்றப்ப புதுசு வாங்கிட்டு வந்துடுறேன்” என்றார். “வேணாம், நான் பாக்குறேன்” என்று அவள் வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “நீயா? நீ ரத்தம் எடுக்கிறவ. இதுல எங்க நரம்பு இருக்கு?” என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ரயில்பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பணிமனையில் அவர் சிரிப்புக்குத் தனிப் பேர் உண்டு. அவளும் சிரித்திருக்க வேண்டும். நரம்பு என்ற சொல் இடையில் வந்து நின்றுகொண்டது.

நரம்பு. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்கிறாள். நரம்பு கிடைக்கலையே, இந்தக் கையில பாக்கலாமா. நரம்பு உள்ள போயிருக்கு பாட்டி, தண்ணி குடிச்சீங்களா. நல்ல நரம்புங்க உங்களுக்கு, பார்க்காமலே எடுக்கலாம். புத்தகத்தில் அதற்குச் சிரை என்று போட்டிருக்கும். பரிசோதனை நிலையத்துக்கு வருகிற யாரும் சிரை என்று சொல்லிக் கேட்டதில்லை. ரத்தம் ஓடுவதும் நரம்புதான், தலைக்குள்ளிருந்து கைக்குச் சேதி கொண்டுவருவதும் நரம்புதான். ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாவதைத் தேடித்தேடியே அவள் இத்தனை வருஷம் சம்பாதித்திருக்கிறாள். இரண்டாவதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை, இப்போது நிச்சயமாக நேரமில்லை, சூட்டுக்கோல் சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. தகட்டின் முனையில் அந்தச் சின்ன விளக்கு தலை சாய்ந்து நின்றது. விளக்கு என்று பேர், எரிவது கண்ணுக்குத் தெரியாது. காலையில் மகள் ரெஜினா போனில் சொல்லித் தந்தாள்: “செல்ஃபி கேமராவைத் தொறந்து அதுக்கு நேரா ரிமோட்டைக் காட்டி அமுக்கும்மா. நல்லா இருந்தா ஊதா கலர்ல எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.” அமுக்கினாள். எரியவில்லை. அலமாரி இழுப்பறையில் செத்துப்போன டிவிடி பிளேயரின் ரிமோட் கிடந்தது. அதில் செல்லைப் போட்டு அமுக்கினாள். போன் திரையில் பொட்டுப்போல ஓர் ஊதா ஒளி மின்னி மறைந்தது. அவள் போனை விலக்கி வெறும் கண்ணால் பார்த்தாள், ஒன்றுமில்லை. போனில் பார்த்தாள், இருந்தது. மூன்று நான்கு தடவை அப்படி மாற்றி மாற்றிப் பார்த்தாள். “அப்ப அந்தப் பழசுலேர்ந்து கழட்டி இதுல வச்சுட வேண்டியதுதான். என் சால்டரிங் சாமானெல்லாம் பீரோ மேல பிஸ்கட் டப்பாவுல இருக்கு. ஆனா எதுக்கும்மா இவ்ளோ மெனக்கெடுற? எலக்ட்ரானிக்ஸ் படிச்ச நானே வாங்கிக்கன்னு சொல்றேன்.” ஓசூரிலிருந்து பேசும்போது ரெஜினாவின் குரலில் விடுதியின் எதிரொலி இருக்கும். அந்த எதிரொலிக்குள் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. “சும்மாதான். கை சும்மா இருக்கேன்னு” என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை நிலையத்தில் ஹசீனாதான் பார்த்தாள். பார்த்தவள் ஹசீனாவாகப் போனது நல்லதுதான், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத பெண், கேட்டுவிடுவாள், மறந்துவிடுவாள். வரிசையில் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு மேலே ஏறாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டது. அவர் மடிக்கட்டும் என்று அமலோற்பவம் காத்திருந்தாள். வலது கையை மடியில் போட்டிருந்தாள், பஞ்சு விரல்களுக்கிடையில். பக்கத்து நாற்காலியில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த ஹசீனா, “என்னக்கா, கை ஆடுது? காலையில சாப்பிடலையா?” என்றாள். அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தன. அவள் உருட்டவில்லை. “ஆமாடி, இன்னிக்கு ஒருசந்தி” என்றாள். தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போய் எத்தனையோ நாளாகிவிட்டது, இப்போது என்ன ஒருசந்தி, ஆனால் ஹசீனாவுக்கு அது எப்படித் தெரியும். “அதுக்குன்னு பட்டினி கெடக்காதக்கா, நாங்க நோம்பு புடிச்சாலும் விடியறதுக்கு முன்ன சாப்பிட்டுருவோம்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த குழாயை எடுத்தாள். அதற்குள் பெரியவர் கையை நீட்டிவிட்டார். அமலோற்பவம் பட்டையைக் கட்டினாள், விரலால் தடவினாள், ஊசியை எடுத்தாள், ஒரே குத்து, ரத்தம் ஏறியது. “எடுத்தாச்சா? தெரியவே இல்லையே” என்றார் பெரியவர். அன்றிலிருந்து அந்தத் தெரியவே இல்லையேயை அவள் செபமாலை மணி மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தெரியவே இல்லையே என்று சொன்னார் அல்லவா, அப்புறம் என்ன. ஆடுகிற கையால் அப்படி எடுக்க முடியுமா. முடியாது. ஆகவே ஆடவில்லை. இந்த ஆகவேயில்தான் ஒவ்வொரு முறையும் சேலை நுனி ஆணியில் மாட்டியதுபோல ஏதோ இழுத்தது. சனிக்கிழமை காலை எல்லாரும் வருவதற்கு முன்னால் போய் இடது கையால் வலது கையில் தானே குத்தி எடுத்து, சூசையம்மாள் என்று ஒரு பெயரைப் போட்டு, சர்க்கரை, தைராய்டு, உப்புச்சத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் நார்மல்ங்க என்று சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தே பழகியவள், சூசையம்மாளுக்கு எல்லாம் நார்மல் என்று வந்ததும் நாற்காலியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தைராய்டு கொஞ்சம் ஏறியிருக்கக் கூடாதா. ஒரே ஒரு மாத்திரையோடு போயிருக்கும்.

பழைய விளக்கின் கால்கள் தகட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு மங்கலான ஈய மேடுகளில் புதைந்திருந்தன. ரெஜினா சொன்னபடி எந்தக் கால் எந்தப் பக்கம் என்று தகட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். விளக்கின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் மைனஸ், அங்கேதான் புள்ளி. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, கோலை மேட்டில் வைத்தாள். குறட்டை நின்றது. அவளும் மூச்சை நிறுத்தினாள். ஈயம் நெகிழ்ந்தது, இடது கையால் விளக்கை மெல்ல அசைத்து இழுத்தாள், ஒரு கால் வந்தது, மறு காலுக்குச் சூடு வைத்தாள், அதுவும் வந்தது. புகை எழுந்து முகத்தில் பட்டது. குங்கிலியம் கருகுகிற வாசனை. இந்த வாசனை எங்கேயோ, ஆமாம், கோயிலில் தூபக்கலசத்தை ஆட்டும்போது முன்வரிசைக்கு வருகிற வாசனை இதேதான், அப்பாவை வைத்திருந்த பெட்டியைச் சுற்றிச் சாமியார் தூபம் காட்டிக்கொண்டே வந்தபோதும் இதே வாசனைதான். அப்பாவின் கையை அன்றைக்குத்தான் அப்படி அமைதியாகப் பார்த்தாள், நெஞ்சின்மேல் கட்டி வைத்திருந்தார்கள், சிலுவை சொருகி. எல்லாரும் அழுதபோது அவளுக்கு மட்டும், அப்பாடா, நின்றுவிட்டது என்று ஒரு எண்ணம் வந்தது. வேண்டாம். ஓட்டையைப் பார். கால்களை எடுத்த இடத்தில் இரண்டு ஓட்டைகளையும் ஈயம் மூடியிருந்தது. அதை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று உண்டாம், ரெஜினா ஓசூருக்கு எடுத்துப் போய்விட்டாள். பல் குத்தும் குச்சியால் குத்திப் பார்த்தாள், கருகி முறிந்தது. பிறகு சட்டென்று எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து நீல மூடி போட்ட ஊசி ஒன்றை எடுத்துவந்தாள். அந்த உலோகத்தில் ஈயம் பிடிக்காது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, குச்சியைவிட மெல்லியதாக வீட்டில் அவளுக்குப் பழக்கமான பொருள் அது ஒன்றுதான். உறையைக் கழற்றினாள். ஈயம் இளகும்வரை கீழேயிருந்து கோலைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து ஊசியை நுழைத்தாள். உள்ளே போவது விரல் நுனிக்குத் தெரிந்தது. முதலில் ஒரு சின்ன மறுப்பு, பிறகு விட்டுக்கொடுப்பு. அந்த விட்டுக்கொடுக்கும் இடம் அவளுக்குத் தெரியும், தோலுக்கு அடியில் அதைத்தான் ஒவ்வொரு நாளும் தேடுகிறாள். கோலை எடுத்தாள், ஊசியைச் சுழற்றினாள், உருவினாள். ஓட்டையின் வழியே பேப்பரின் கறுப்பு எழுத்து தெரிந்தது. ஒரு குத்துதான். அடுத்த ஓட்டைக்கும் ஒரு குத்துதான். தெரியவே இல்லையே என்று தகட்டுக்காக அவளே சொல்லிக்கொண்டாள்.

அவள் அப்பா மரியசூசை வாத்தியார் என்றால் ஊரில் கணக்கு. கரும்பலகையின் முதல் வரி உள்ளங்கை உயரத்துக்கு இருக்கும், போகப்போகச் சிறுத்து, விடை வருகிற இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். பின் பெஞ்சுக்காரர்கள் தெரியல சார் என்பார்கள். அவர் பலகையைக் குறை சொன்னார், சாக்பீஸைக் குறை சொன்னார், கண்ணாடியை மாற்றினார். கை ஆட ஆரம்பித்தபோது அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வீட்டில், பங்குப் பேரவைக் கூட்டத்தில், பந்தியில் இலை வருகிறவரை, வலது கையைத் தொடைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அமலோற்பவத்தின் கல்யாணப் படங்களில் அப்பாவுக்கு ஒரு கைதான் இருக்கும். “ஏங்க இப்படிக் கையை மடக்கி வச்சிருக்கீங்க?” என்று அம்மா கேட்டால், “மரத்துப்போச்சு” என்பார். அம்மாவும் தைலம் தேய்த்துவிடுவாள். கோலை ஈரப் பஞ்சில் துடைத்தாள், சுர்ரென்றது. டிவிடி ரிமோட்டைத் திறப்பது எளிதாக இருந்தது, அதன் விளக்கைக் கழற்றுவதும். கால்கள்தான் குட்டை, ஏற்கெனவே ஒருமுறை வெட்டியவை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அரிசிமணி போல நின்றது. அப்பாவைத் தஞ்சாவூருக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனபோது எல்லாம் கைமீறியிருந்தது. அதற்குள் அவரால் சட்டைப் பொத்தான் போடமுடியாது, திரும்பும்போது நான்கைந்து அடி எடுத்து வைத்தே திரும்புவார், முகத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் வரும். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?” என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே எத்தனையோ வருஷம் நன்றாக நடமாடியிருப்பார் என்றார். அதற்கு முன்னால் முதல் கேள்வியாக ஒன்று கேட்டார், ஐயாவுக்கு எழுதும்போது ஆடுதா, இல்ல, என்று. இந்தக் கேள்வியை அமலோற்பவம் வெள்ளிக்கிழமையிலிருந்து பாதிவரைதான் நினைத்துப் பார்க்கிறாள். இல்ல என்று வரும்போது யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், பால் பொங்கிவிடுகிறது, பஸ் வந்துவிடுகிறது. இப்போதும் வந்தது, விளக்கின் காலை ஓட்டையில் விடு, முதலில் காலை ஓட்டையில் விடு. விட்டாள். இரண்டாவது கால் விளிம்பில் முட்டியது. எடுத்தாள். மறுபடி. இதைச் செய்துவிட்டால் போதும். இவ்வளவு பொடி வேலையைச் செய்கிற கைக்கு ஒன்றும் இருக்கமுடியாது. நாளைக்கு ஹசீனா கேட்டால், ரிமோட்டுக்கே பல்பு மாத்தினேன்டி, தெரியுமா, என்று சொல்லலாம். இரண்டு கால்களும் இறங்கின. தகட்டைக் கவிழ்த்து, ஒரு கோப்பையில் சாய்த்து, ஈயக்கம்பியை இடது கையிலும் கோலை வலது கையிலும் எடுத்துக்கொண்டாள். பொட்டு வைப்பதுபோல ஒன்று. நகர்ந்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி, ஒட்டவில்லை. புகை கலைந்தபோது இரண்டும் மிளிர்ந்துகொண்டிருந்தன.

தகட்டை ஓட்டில் பொருத்தி, செல்லைப் போட்டு, போனை நிமிர்த்தி வைத்து அமுக்கினாள். இருட்டு. இன்னொரு பொத்தான். இருட்டு. எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக, பிறகு வரிசையில்லாமல். போன் திரையில் ரிமோட்டின் கறுப்பு மூக்கும் அதற்குப் பின்னால் அவளுடைய முகமும் தெரிந்தன. அந்த முகத்தில் அசைவே இல்லை. அப்பாவின் முகம் என்று நினைத்து உடனே சிரித்துப் பார்த்தாள், சிரிப்பு வந்தது, வேகமாகவே வந்தது, மெதுவாக வரவில்லை, மறுபடி சிரித்தாள், ஆளில்லாத மேசையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் தன்னைக் கண்டு கூச்சப்பட்டு நிறுத்தினாள். எரியாத விளக்குக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் அவள் இதை விளக்குக்காகச் செய்யவில்லையே. கோலை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பேப்பரோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இன்னாசி புதுசு வாங்கிவருவார். புது ரிமோட்டில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், ஒரு வாரம் திட்டிக்கொண்டே பழகிவிடுவார். அப்பாவும் கடைசிக் காலத்தில் ரிமோட்டை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அமுக்கினால் விரல் இரண்டுமுறை அமுக்கிவிடும். பூசை பார்க்க நினைத்தவருக்கு மல்யுத்தம் வந்து நிற்கும். அம்மா பிடுங்க வருவாள். “விடு, வந்ததைப் பாக்குறேன்” என்று இரண்டு தடியன்கள் புரள்வதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததைப் பாக்குறேன். அமலோற்பவம் மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குப்பையில் போடுவதாக இல்லை. எங்கே தப்பு என்று பார்க்காமல் எழுந்திருப்பதாக இல்லை. தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள். பேனாப் புள்ளி இந்தப் பக்கம். விளக்கின் தட்டை விளிம்பு அந்தப் பக்கம். திருப்பிப் போட்டிருக்கிறாள். அடக் கழுதை, திருப்பித்தான் போட்டிருக்கிறாய், என்று வாய்விட்டுச் சொன்னாள். பயந்ததெல்லாம் போய் ஒரு கோபம் வந்தது, நல்ல கோபம், உதவுகிற கோபம். மறுபடி கோல், மறுபடி குங்கிலியப் புகை, மறுபடி ஊசி. இந்த முறை கால்களைக் கழற்றும்போது ஒன்று ஒடிந்துவிடும்போல வளைந்தது, அதை நகத்தால் நிமிர்த்தினாள். திருப்பி விட்டாள். வைத்தாள், ஒன்று. வைத்தாள், இரண்டு. கோலின் நுனி அவள் நினைத்த இடத்தில் நினைத்த கணத்தில் இறங்கி எழுந்தது, பாறையில் உட்கார்ந்த பறவை எழுவதைப் போல, ஒரு துளி அசைவு இல்லை. போனைப் பார்த்து அமுக்கினாள். ஊதா. இன்னும் ஒரு முறை. ஊதா. “ஆண்டவரே” என்றாள்.

சூட்டுக்கோலின் பிளக்கைப் பிடுங்கினாள். ஓடுகளை மூடி அழுத்தினாள், டக்கென்று சேர்ந்தன. நாற்காலியில் சாய்ந்தாள். ஹாலில் குறட்டை ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ இருசக்கர வண்டியைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம். முதுகு வலித்தது, இனிமையாக வலித்தது, வேலை முடிந்த வலி. கைகளை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மூடியிருந்தபோதே தெரிந்தது. புடவைத் துணியில் ஏதோ மெல்ல உரசிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியும், தொடை அங்கேயேதான் இருக்கிறது, கையை அடியில் தள்ளிவிட்டால் போதும். தள்ளத் தொடங்கியும்விட்டாள். பாதியில் நிறுத்தி, கையை வெளியே எடுத்து, மடியில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். கட்டைவிரல் ஆட்காட்டிவிரலின்மேல் உருண்டுகொண்டிருந்தது. இல்லாத பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தது. எழுதும்போது ஆடுதா, இல்ல, சும்மா இருக்கும்போது ஆடுதா? கேள்வி முழுசாக வந்துவிட்டது, யாரும் கூப்பிடவில்லை, எதுவும் பொங்கவில்லை. சும்மா இருக்கும்போதுதான் சார், என்று அன்றைக்குப் பதில் சொன்னது அவள்தான். பேனாவைப் பிடிச்சா நின்னுடும் சார், சாப்பிடறப்பகூட ஆடாது, அதனாலதான் சார் நாங்க பெருசா எடுத்துக்கல. டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அதுதான், என்று சொல்வதைப்போல. அமலோற்பவம் மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்தாள். நின்றது. கீழே வைத்தாள், கையை மடியில் போட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது. எடுத்தாள், நின்றது. இவ்வளவு நேரமும் அவள் எதை நிரூபித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நன்றாகச் செய்தாளோ அவ்வளவுக்கு அது அப்பாவின் கையாகத்தான் இருந்திருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயம் இருந்தது, நிறையவே இருந்தது, ஆனால் மூன்று நாளாக அறை அறையாகத் துரத்திக்கொண்டு திரிந்த பயம் இப்போது எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. உட்கார்ந்துவிட்டதிடம் பேசலாம். இது வேறு எதுவாகவும் இருக்கலாம், அதை அவள் சொல்ல முடியாது, அவள் ரத்தம் எடுக்கிறவள். சொல்லவேண்டியவர்களிடம் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். நாளைக்கே போய் நிற்கவேண்டும். எழுந்தாள்.

சத்தம் கேட்டு இன்னாசி விழித்தார். அவள் நீட்டிய ரிமோட்டை நம்பாமல் வாங்கி, நம்பாமலே அமுக்கினார். டிவி பளிச்சென்று வந்தது. அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“ஏ அமலு! நெசமாவே பண்ணிட்டியா?” சேனலை மாற்றினார், திரும்ப மாற்றினார், சத்தத்தைக் கூட்டினார். “நாளைக்கு ஷெட்ல போயிச் சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிமோட்டை அவர் கையிலிருந்து எடுத்து, சத்தத்தை நிறுத்தினாள்.

“ஏன்? மேட்ச் இப்பத்தான்…”

“இங்க பாருங்க.” வலது கையைத் தன் மடியில் மல்லாக்க வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். “என்ன, சுட்டுக்கிட்டியா?”

“இல்ல. கொஞ்சம் இருங்க. அதுவா வரும்.”

கை அசையாமல் கிடந்தது. எப்போதும் வருகிறது, காட்டலாம் என்றால் வரமாட்டேன் என்கிறது. எதற்கு இவ்வளவு பயந்தாளோ அதற்காகவே இப்போது காத்திருப்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. திரையில் யாரோ சத்தமில்லாமல் ஓடி வந்து சத்தமில்லாமல் பந்தை எறிந்தார். பிறகு கட்டைவிரல் மெல்ல அசைந்தது. ஆட்காட்டிவிரல் அதோடு சேர்ந்துகொண்டது.

“பிரஷரா இருக்கும்” என்றார் இன்னாசி. “சரியாத் தூங்குறதில்ல நீ. சர்க்கரை பாத்தியா?”

“பாத்துட்டேன். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியா இருக்கு.”

“எப்ப பாத்த?”

“நேத்து.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“இப்ப சொல்றேன்ல.”

அவருடைய கை வந்து அவள் கையை மூடப்போனது. பெயிண்ட் கறை போகாத நகங்கள்.

“பிடிக்காதீங்க” என்றாள். “பிடிச்சா நின்னுடும். பாருங்க.”

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அப்படி வைத்திருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “மாமாவுக்கு…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவளுடைய அப்பாவுக்கு அவர்தான் கடைசி வருஷங்களில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார்.

“ஆமா. அப்பாவுக்கு இருந்த மாதிரிதான் இருக்கு. அதுவா இல்லாமலும் இருக்கலாம். நரம்பு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குப் போறோம்.”

“நாளைக்கா? திங்கக்கிழமை, புதுப் பெட்டி ரெண்டு வருது…”

“லீவு சொல்லுங்க.”

“சரி” என்றார். உடனே, “சரி, சரி” என்றார், முதல் சரி போதவில்லை என்பதுபோல. கொஞ்சம் பொறுத்து, “உன் வேலை?” என்று கேட்டார்.

“ஊசி பிடிக்கறப்ப ஆடல. ஆடுற அன்னிக்கு நானே இறக்கி வச்சிருவேன். ஒருத்தர் சொல்லணும்னு இருக்க மாட்டேன். அப்பா லேட்டாப் போனாரு. நான் லேட்டாப் போகமாட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். டிவியில் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள், விக்கெட் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“பாப்பாகிட்ட?” என்றார். “இப்ப வேணாம்ல? தனியா இருக்குது, பயந்துக்கும்.”

“மேசை மேல போன் இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

அவர் எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார். அவள் அழுத்திவிட்டுக் காதில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் ரெஜினா. விடுதி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்போல, மூச்சு வாங்கியது.

“சொல்லும்மா, எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது” என்றாள் அமலோற்பவம். “இன்னொண்ணு சொல்லணும். ஒரு இடத்துல உக்காந்துக்க.”